கூத்தாடி என்று திட்டினேன்



மாதாமாதம் இந்தப் பக்கத்தில் உங்களுக்குப் புத்தி சொல்வது என் வேலையாகிவிட்டது. இந்த மாதம் எனக்குப் புத்தி சொன்ன ஒரு தம்பியைப் பற்றிச் சொல்கிறேன்.

போன தைப்பூசம். பத்துமலையில் நம் இளைஞர்களோடு தொண்டில் நின்றிருந்தேன். காலை 11 மணி வெயில். தார் ரோடு கொதிக்கிறது. ஆற்றங்கரையிலிருந்து ஒரு காவடி வந்துகொண்டிருந்தது. முன்னால் உறுமி மேளம், அதைச் சுற்றி இருபது பையன்கள். வரும்வரை நன்றாகத்தான் வந்தார்கள். ஓரிடத்தில் யாரோ ஹேண்ட்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அவ்வளவுதான். நின்ற இடத்திலேயே ஆட்டம் சூடு பிடித்துவிட்டது. ஒருவன் குட்டிக்கரணம் போட்டான். இன்னொருவன் கேமராவுக்கு நேராக வந்து நின்று ஆடினான். காவடி நகரவே இல்லை.

காவடி எடுத்தவர் 48 நாள் விரதம் இருந்தவர். பால் குடமும் பாரமுமாக, வெறுங்காலோடு, ஒரு காலை ஊன்றி ஒரு காலைத் தூக்கி, மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார். தூரத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு அவரும் ஆடுகிறார் என்றுதான் தெரிந்திருக்கும். பாதம் சுட்டதால் ஆடிய ஆட்டம் அது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உள்ளே புகுந்து சத்தம் போட்டேன். "டேய், இது சாமி வர்ற வழி. கூத்தாடிப் பசங்க மாதிரி ஆடாதீங்கடா!"

மேளம் நின்றது. காவடி நகர்ந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்தக் கூட்டத்தில் பதினாறு வயசு இருக்கும் ஒரு பையன், வியர்வையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தான். மரியாதையாகத்தான் கேட்டான்.

"அண்ணே, மண்டபத்துல சலங்கை கட்டி ஆடுனா பக்தின்னு சொல்லிக் கைதட்டுறீங்க. நாங்க உறுமிக்கு ஆடுனா கூத்தாடியா? சாமி அதை மட்டும்தான் பார்ப்பாரா?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. "போடா, போய்த் தண்ணி குடி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

அன்று மாலை பூஜை அறையில் விளக்கேற்றினேன். எங்கள் வீட்டில் ஒரு சாண் உயரத்தில் ஒரு நடராஜர் இருக்கிறார். அவர் முன்னால் கைகூப்பும்போதுதான் உறைத்தது. இவருக்குத் தமிழில் என்ன பேர்? கூத்தன். தில்லைக் கூத்தன். கூத்தபிரான். அம்பலத்திலே கூத்தாடுகிறவர். காலையில் எந்தச் சொல்லை வசவாக எடுத்து அந்தப் பையன் மேல் வீசினேனோ, அது என் சாமியின் பேர்!

இந்தக் கட்டுரை அந்தப் பையனுக்கு நான் சொல்ல வேண்டிய பதில். கொஞ்சம் தாமதமாக வருகிறது.

கை எங்கே காட்டுகிறது?

முதலில் நம் ஆண்டவன் ஏன் ஆடுகிறான் என்று பார்ப்போம். தேவார வகுப்புக்குப் போன பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். சைவ சித்தாந்த சாத்திரங்களில் ஒன்றான உண்மை விளக்கம் இதை விளக்குகிறது. உடுக்கை ஏந்திய கை படைத்தல். அஞ்சேல் என்று அமர்த்திய கை காத்தல். தீ ஏந்திய கை அழித்தல். ஊன்றிய திருவடி மறைத்தல். தூக்கிய திருவடி அருளல். ஐந்தொழிலும் அந்த ஓர் ஆட்டத்தில் நடக்கிறது. அவன் ஆட்டத்தை நிறுத்தினால் நாமும் இல்லை, நம் உறுமியும் இல்லை.

அடுத்த தடவை கோயிலுக்குப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். நடராஜருக்கு நாலு கைகள். அதில் இடப்பக்கத்துக் கை ஒன்று உடம்புக்குக் குறுக்கே வந்து, யானைத் தும்பிக்கை போலத் தொங்கி, கீழே எதையோ காட்டும். எதை? தூக்கிய திருவடியை. அருள் கிடைக்கும் இடத்தை. உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரன், தன் முகத்தைப் பார் என்று காட்டவில்லை. "இங்கே பார், உனக்குப் புகலிடம் இங்கே இருக்கிறது" என்று காலைக் காட்டுகிறான். ஆடத் தெரிந்த பிள்ளைகள் முதலில் படிக்க வேண்டிய முத்திரை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆடுகிறவரின் கை எங்கே காட்ட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேறு எங்கே இருக்கிறது?

ஆளில்லாத இடத்து ஆட்டம்

கூத்தபிரானுக்கு ஐந்து சபைகள். சிதம்பரத்தில் பொற்சபை, மதுரையில் வெள்ளி சபை, திருநெல்வேலியில் தாமிர சபை, குற்றாலத்தில் சித்திர சபை, திருவாலங்காட்டில் இரத்தின சபை. நான் உங்களை அழைத்துப் போக நினைப்பது திருவாலங்காட்டுக்கு.

இரத்தின சபை என்று பேர் கேட்டதும் மின்னும் மண்டபம் நினைவுக்கு வரும். ஆனால் காரைக்கால் அம்மையார் அங்கே பார்த்துப் பாடியது சுடுகாடு. பிணம் எரிகிற நெருப்பு, நரி, பேய், காய்ந்த மரம். அங்கேதான் ஆண்டவன் ஆடுகிறான். டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்கள் யாரும் இல்லை. கைதட்ட ஆளில்லை.

காரைக்கால் அம்மையார் கதை உங்களுக்குத் தெரியும். புனிதவதி என்ற பெயரில் நல்ல குடும்பத்தில் பிறந்து, மாங்கனியால் கணவன் மிரண்டு பிரிந்து போக, "இவருக்காகச் சுமந்த இந்த உடம்பு இனி எனக்கு வேண்டாம்" என்று கேட்டுப் பேய் வடிவம் வாங்கிக்கொண்டவர். கயிலாயத்துக்குத் தலையால் நடந்து போனவர். "அம்மையே" என்று சிவபெருமானே கூப்பிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டபோது அவர் கேட்டது என்ன? பிறவாமை வேண்டும், பிறந்தால் உன்னை மறவாமை வேண்டும், நீ ஆடும்போது உன் அடியின் கீழ் இருந்து பாட வேண்டும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யாரும் தன்னைப் பார்க்கக் கூடாது என்று அழகையே கழற்றிப் போட்ட ஒரு பெண், யாரும் வராத இடத்தில் ஆடுகிற ஒரு தெய்வத்துக்குப் பக்கவாத்தியம். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் எலும்பும் தோலுமாக உட்கார்ந்து கையில் தாளம் வைத்திருப்பார், பார்த்திருப்பீர்கள். அறுபத்து மூவர் வரிசையில் எல்லாரும் நின்றுகொண்டிருக்க, இந்த அம்மா மட்டும் உட்கார்ந்திருப்பார். தாளம் போடுகிறவருக்கு நம் சமயம் கொடுத்த ஆசனம் அது.

தம்பி, நீ கேட்ட கேள்விக்கு முதல் பாதிப் பதில் இங்கே இருக்கிறது. மண்டபமா ரோடா என்று சாமி பார்ப்பதில்லை. சுடுகாட்டிலேயே ஆடியவர் அவர்.

மலைதோறும் ஆடுகிறவன்

இன்னும் ஒன்று. உறுமிக்கு ஆடுவது ஏதோ இங்கே தோட்டத்துப் பிள்ளைகள் புதிதாகக் கண்டுபிடித்த கூத்து என்று சிலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சங்க இலக்கியத்தில் வெறியாட்டு என்று ஒன்று வரும். கையில் வேல் ஏந்திய வேலன், முருகன் தன்மேல் இறங்கி வர ஆடுகிற ஆட்டம். நக்கீரர் பாடிய திருமுருகாற்றுப்படையில் ஆறுபடை வீட்டில் ஒன்றாகக் குன்றுதோறாடல் என்றே ஒரு பகுதி. மலையில் வாழும் மக்கள் சிறுபறை கொட்டிக் குரவைக் கூத்து ஆட, முருகனே அவர்களோடு வந்து கைகோத்து ஆடுவதாக அதில் வருகிறது. பட்டு விரித்த மேடைக்கு அவன் காத்திருக்கவில்லை. மலை இருக்கும் இடத்துக்கு, பறை கேட்கும் இடத்துக்கு வந்துவிடுகிறான். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிக்காட்டும் பதினோரு ஆடல்களில் இரண்டு முருகன் ஆடியவை. சூரனை வென்று கடல் அலையையே அரங்கமாக வைத்து ஆடிய துடிக்கூத்து ஒன்று. தோற்ற அசுரர் முன்னால் குடை பிடித்து ஆடிய குடைக்கூத்து மற்றொன்று.

272 படி ஏறிப் பத்துமலைக் குகைக்குப் போகிறோமே, அதுவும் ஒரு குன்றுதான். அங்கே உறுமி கேட்டு ஒரு பையன் காலைத் தூக்கினால், அவனுக்குப் பின்னால் ஈராயிரம் வருஷத்துப் பழக்கம் நிற்கிறது.

சுவரில் எழுதிய பெயர்கள்

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். கூத்தாடி. இது எப்படி வசவு ஆனது?

தஞ்சைப் பெரிய கோயிலை ராஜராஜ சோழன் 1010-ல் கட்டி முடித்தான். அந்தக் கோயிலில் ஆடுவதற்காகச் சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து 400 பெண்களை வரவழைத்துக் குடியேற்றினான். தளிச்சேரிப் பெண்டுகள் என்று அவர்களுக்குப் பெயர். கோயில் சுவரில் கல்வெட்டாக அவர்களுடைய விவரம் இன்றும் இருக்கிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், என்ன பெயர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல். அந்த நெல்லை அளந்த மரக்காலுக்கு என்ன பெயர் தெரியுமா? ஆடவல்லான். ஆடுகிற சாமியின் பெயரைச் சொல்லி அளந்து, ஆடுகிற பெண்ணுக்குக் கூலி கொடுத்தார்கள். அதே கோயிலில் கருவறையைச் சுற்றி, மேல் தளத்துச் சுவரில் 108 கரணங்களில் 81-ஐச் செதுக்கி, மிச்சத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள்.

கோயிலில் சாமிக்குச் செய்கிற உபசாரங்களை எண்ணிப் பாருங்கள். தீபம், தூபம், நைவேத்தியம் என்று போகும் வரிசையில் பாட்டும் வாத்தியமும் ஆட்டமும் உண்டு. சர்க்கரைப் பொங்கல் எப்படிப் படையலோ, அப்படி ஆட்டமும் ஒரு படையல்.

காலம் மாறியது. அரசர்கள் போனார்கள். மானியம் போனது. கோயிலை நம்பி இருந்த அந்தப் பெண்கள் பணக்காரர்களை அண்டி வாழும் நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். பொட்டுக் கட்டுதல் என்ற பேரில் சின்னப் பெண் பிள்ளைகளுக்குக் கொடுமை நடந்தது. அதை நிறுத்தத்தான் வேண்டும் என்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல வருஷம் போராடினார். அவருடைய தாயாரும் அந்த மரபில் வந்தவர்தான். 1947-ல் சென்னை மாகாணத்தில் தடைச் சட்டம் வந்தது. பிள்ளைகளைக் காப்பாற்றிய சட்டம் அது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சமூகம் ஒன்று செய்தது. அந்தப் பெண்களைக் கெடுத்தவர்களை விட்டுவிட்டு, அந்தப் பெண்களை ஏசியது. சதிர் என்று அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பரதநாட்டியம் என்று பேர் சொல்லிச் சபா மேடைக்குக் கொண்டுபோனோம். ஆட்டத்தைக் கும்பிட்டோம். ஆடிக் காப்பாற்றிக் கொடுத்தவர்களைக் கூத்தாடி என்றோம்.

இன்றைக்குக் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ஆறு வயசுப் பிள்ளை "தெய்யா தெய்" என்று தட்டடவு போடுகிறதே, அந்த அடவு அந்தக் குடும்பங்களின் வீட்டுத் திண்ணை வழியாகத்தான் நமக்கு வந்தது. நான் பத்துமலையில் அந்தச் சொல்லைச் சொன்னபோது பையனை மட்டும் திட்டவில்லை. அந்த 400 பேரையும் திட்டிவிட்டேன்.

அந்த மரபின் கடைசிப் பெரிய விளக்குகளில் ஒருவர் தஞ்சாவூர் பாலசரஸ்வதி அம்மா. 1984-ல் காலமானார். ஒரு முழுக் கச்சேரியை அவர் கோயிலுக்குள் போவதோடு ஒப்பிட்டுச் சொன்னார். அலாரிப்பில் தொடங்கி மண்டபம் மண்டபமாகக் கடந்து, வர்ணத்தில் சந்நிதிக்கு வந்து, மேளச் சத்தமெல்லாம் அடங்கிய பிறகு சாமிக்குப் பக்கத்தில் நிற்கிற அமைதிதான் பதம். தில்லானா கடைசியில் காட்டுகிற கற்பூரம் என்று. ஆடுகிறவர் கோயிலுக்குள் நடந்து போகிறார், பார்க்கிறவர் பின்னால் போகிறார். இப்படிப் பார்த்தால் மேடையில் யார் பெரியவர் என்ற கேள்வியே வராது.

விளக்கு எரிந்தது

இதைப் படித்துப் புரிந்துகொண்டதைவிட, கண்ணால் பார்த்து நான் புரிந்துகொண்டது ஒன்று உண்டு.

என் அக்கா மகள் அரங்கேற்றம். பத்து வருஷம் படித்தாள். மண்டபம், பூ அலங்காரம், மூன்று வீடியோ கேமரா, பெரிய பெரிய விளக்கு. மேடை ஓரத்தில் நடராஜர், அவர் முன்னால் ஒரு குத்துவிளக்கு. உண்மையைச் சொல்கிறேன், அன்று நடராஜரை யாரும் பார்க்கவில்லை. அவர் முன்னால் வீடியோகாரர் முக்காலியை வைத்திருந்தார்.

பதம் ஆடும்போது கரண்ட் போய்விட்டது. மைக் செத்தது. மண்டபம் இருட்டு. சபையில் "ஐயோ" என்று ஒரு சத்தம். பாட்டு ஒரு விநாடி தடுமாறி, மைக் இல்லாமல் மெல்லத் தொடர்ந்தது. அதோடு சலங்கைச் சத்தமும் கேட்டது. பிள்ளை நிற்கவே இல்லை. எங்களுக்கு அவள் முகம் தெரியவில்லை, முத்திரை தெரியவில்லை. நாங்கள் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் ஆடினாள். இரண்டு மூன்று நிமிஷம் இருக்கும். கரண்ட் வந்தபோது பார்த்தால், அவள் எங்கள் பக்கம் திரும்பி இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி நடராஜர் பக்கம் பார்த்து ஆடிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் கேட்டேன். "ஏம்மா, ஒண்ணுமே தெரியலையே, நிறுத்தியிருக்கலாமே?"

"விளக்கு எரிஞ்சுக்கிட்டுத்தானே இருந்துச்சு மாமா. எனக்கு அது தெரிஞ்சுச்சு. அதைப் பார்த்து ஆடுனேன்."

அவளே அப்புறம் சொன்னாள், பத்து வருஷத்தில் அன்றுதான் தன் அபிநயம் சரியாக வந்ததாகத் தனக்குத் தோன்றியது என்று. அந்த நிமிஷங்கள் எந்த வீடியோவிலும் இல்லை.

தம்பி, உன் கேள்விக்கு மறு பாதிப் பதில் இது. சலங்கையா உறுமியா என்று சாமி தரம் பிரிப்பதில்லை. அதனால் எப்படி ஆடினாலும் பக்தி என்று ஆகிவிடாது. யாருக்காக ஆடுகிறோம் என்பது ஆடுகிறவருக்குத் தெரியும். கரண்ட் போனாலும் ஆடுவாயா? ஹேண்ட்போன் இறங்கினாலும் ஆடுவாயா? இந்தக் கேள்வி மேடையில் ஆடுகிற தங்கைக்கும் உண்டு, ரோட்டில் ஆடுகிற தம்பிக்கும் உண்டு. அன்று ரோட்டில் உங்கள் கை கேமராவைக் காட்டியது, காவடிக்காரர் பாதம் சுட்டது. நான் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. நான் சொன்ன சொல்லில் நியாயம் இல்லை.

இதைச் சொல்லத்தான் இரண்டு மாதம் கழித்து விசாரித்து, அவர்கள் உறுமி பழகுகிற இடத்துக்குப் போனேன். ஒரு கடைக்குப் பின்னால், தகரக் கூரை. என்னைப் பார்த்ததும் மேளம் நின்றுவிட்டது. "மன்னிச்சிருங்கப்பா, அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர்கள் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத பிள்ளைகள்.

அந்தப் பையன்தான் பேசினான். "நீங்க சொன்னதுல பாதி சரிதான் அண்ணே. போனைப் பார்த்தா ஆட்டம் மாறிடுது. எங்களுக்கே தெரியும்."

ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினோம். காரைக்கால் அம்மையார் கையில் தாளம் இருக்கும் கதையைச் சொன்னேன். அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "அப்ப எங்க செட்டுக்கு அவங்கதான் லீடர்" என்றான் ஒருவன்.

இந்தத் தைப்பூசத்துக்கு அவர்களாக மூன்று முடிவு எடுத்தார்கள். காவடி நடக்கிற வேகத்துக்குத்தான் மேளம். மேளத்துக்காகக் காவடி நிற்கக் கூடாது. அடிக்கிற பாட்டு முருகன் பாட்டாக இருக்க வேண்டும், அதன் பொருள் அடிக்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆற்றங்கரையில் எல்லாருடைய போனும் ஒரு பையில் போய்விட வேண்டும், குகையில் தரிசனம் முடிந்துதான் வெளியே வரும்.

நடந்ததா என்று கேட்பீர்கள். நடந்தது. இரண்டு பேர் மட்டும் போனைக் கொடுக்கவில்லை. பரவாயில்லை, அடுத்த வருஷம் கொடுப்பார்கள்.

பரதம் படிக்கிற தங்கைகளே, நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். வாரத்தில் ஒரு நாள் பூஜை அறையில் விளக்கை ஏற்றி, மற்ற விளக்கை அணைத்துவிட்டு, யாரையும் கூப்பிடாமல் ஓர் உருப்படியை ஆடுங்கள். ஆடத் தெரியாத மற்றவர்கள், என்னைப் போன்றவர்கள், ஆடுகிறவர்களை எந்தச் சொல்லால் கூப்பிடுகிறோம் என்று கொஞ்சம் பார்த்துக்கொள்வோம்.

இந்த முறை காவடி என்னைக் கடந்து போனபோது, அந்தப் பையன் என்னைப் பார்த்தான். ஆட்டத்தை நிறுத்தவில்லை. நான்தான் ஒரு தப்படி பின்னால் தள்ளி நின்று, அந்தக் கூத்துக்குக் கைகூப்பினேன்.

வெற்றி வேல்! திருச்சிற்றம்பலம்.